எல்லையோரச் சபைகளின் பாட்டுப் புத்தகம்: இயற்றியவர் பெயரை அச்சிட வேண்டுமா?

பாறசாலைக்காரன்

எங்கள் சபைக்குப் புதிய பாட்டுப் புத்தகம் தொகுக்கும் பொறுப்பு ஒரு சிறு குழுவிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குழுவில் நானும் ஒருவன். களியக்காவிளையைத் தாண்டிக் கேரள எல்லைக்குள் இருக்கும் பல சபைகளைப் போலவே எங்கள் சபையிலும் முதல் ஆராதனை தமிழிலும் இரண்டாம் ஆராதனை மலையாளத்திலும் நடைபெறுகிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதன் விளைவு, முதியவர்கள் தமிழ் எழுத்து மட்டும் வாசிப்பவர்களாகவும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மலையாள எழுத்து மட்டும் வாசிப்பவர்களாகவும் இருக்கிறார்கள். எங்கள் பாடகர் குழுப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திறந்தால், 'ஏசுவையே துதிசெய்' என்னும் கீர்த்தனை முழுவதும் மலையாள எழுத்தில் இருக்கும். ழகரத்துக்கும் றகரத்துக்கும் மேலே யாரோ ஒரு பாட்டி பென்சிலால் உச்சரிப்புத் திருத்தம் செய்திருப்பார். ஆகவே ஒவ்வொரு பாட்டையும் இரண்டு எழுத்திலும் அச்சிடத் தீர்மானித்துவிட்டோம். அதில் கருத்து வேறுபாடு இல்லை.

வேறுபாடு எழுந்த இடம் வேறு. நம்முடைய கீர்த்தனைப் புத்தகங்களில் பாட்டின் தலையில் ராகமும் தாளமும் இருக்கும். 'செஞ்சுருட்டி, ஆதி' என்று பார்த்தவுடன் ஆர்மோனியக்காரர் சுருதியைச் சேர்த்துக்கொள்வார். இயற்றியவர் பெயரோ பல பதிப்புகளில் இருப்பதே இல்லை. இந்தப் புத்தகத்தில் அதை அச்சிட வேண்டும் என்பது என் கருத்து. காரணம் ஒன்றைச் சொல்கிறேன். எங்களுக்குப் பக்கத்து ஊர் என்று சொல்லத்தக்க திருப்புறத்தில் 1847இல் பிறந்து, லண்டன் மிஷனில் ஊழியம் செய்து, 1916இல் மறைந்த மோசவத்சலம் சாஸ்திரியார் பாட்டும் இசையும் ஓவியமும் கைவரப்பெற்றவர். 'நின்றெ ஹிதம்போலெ என்னெ' என்ற அவருடைய பாட்டைக் கேரளத்தின் எல்லாச் சபைப் பிரிவினரும் பாடுகிறார்கள். எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் கேட்டுப் பார்த்தேன். அந்தப் பாட்டைப் புத்தகம் பார்க்காமல் பாடிய பிள்ளைகளில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியவில்லை. அவர் நம்முடைய நெய்யாற்றின்கரைக்காரர் என்று சொன்னபோது நம்பவும் இல்லை. குழுவில் மற்றவர்கள் இதை வீண் வேலை என்கிறார்கள். இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மார்த்தாண்டம் ஓய்வாசிரியர்

தம்பி, உங்கள் குழுவில் எதிர்த்தவர்களின் பக்கத்தில் நான் நிற்கிறேன். சபையில் பாடப்படும் பாட்டு ஜெபம். ஜெபத்தை எழுதிக்கொடுத்தவர் யார் என்று பார்த்துக்கொண்டே ஜெபிப்பது முறையன்று.

இதைவிட நடைமுறை சார்ந்த தடை ஒன்றும் உண்டு. பெயரை அச்சிட்டால் அந்தப் பெயரோடு வரும் வழக்குகளையும் சேர்த்தே சபைக்குள் அழைக்க வேண்டியிருக்கும். 'உம்மண்டை கர்த்தரே' என்ற பாட்டை நம் பாட்டனார் காலத்திலிருந்து கல்லறைத் தோட்டத்தில் பாடி வருகிறோம். அதன் ஆங்கில மூலத்தை எழுதியவர் சாரா பிளவர் ஆடம்ஸ் என்ற பெண்மணி (1805–1848). அவர் யூனிட்டேரியன் சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையோ திரித்துவத்தை ஏற்பதில்லை. 'பிதா, குமாரன், பரிசுத்த ஆவி' என்று ஆசீர்வாதம் பெற்றுக்கொண்டு வீடு திரும்பும் நம் சபையாரிடம் இந்தச் செய்தியைப் பாட்டின் தலையில் எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த சபைக் கமிட்டியில் அந்தப் பாட்டை நீக்கச் சொல்லி ஒருவர் கட்டாயம் எழுந்து நிற்பார். பெயர் தெரியாததால்தான் அந்தப் பாட்டு இத்தனை சபைகளின் வாசற்படியைத் தாண்டி வந்திருக்கிறது.

இன்னொன்று, யாருடைய பெயரை அச்சிடுவீர்கள்? பெரிய வெள்ளியன்று நாம் பாடும் 'இரத்தம் காயம் குத்தும்' என்ற ஞானப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூலம் இடைக்கால லத்தீன் கவிதை. கிளேர்வோ பெர்நார்டு எழுதியது என்று நெடுங்காலம் நம்பப்பட்டு, இப்போது லூவென் ஆர்னுல்ப் என்ற துறவியின் படைப்பாகக் கருதப்படுகிறது. அதை 1656இல் ஜெர்மன் மொழியில் பாடியவர் பவுல் கெர்ஹார்ட் (1607–1676). மெட்டோ ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601இல் வெளியிட்ட காதல் பாட்டினுடையது. அந்த மெட்டை ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் தம் 'மத்தேயு பாடுகள்' இசைப்படைப்பில் திரும்பத் திரும்ப எடுத்தாண்டு உலகறியச் செய்தார். பிறகு அது தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் மரபு வழியாகத் தமிழுக்கு வந்தது. துறவி, போதகர், காதல் பாட்டுக்காரர், மொழிபெயர்த்தவர் என நால்வருக்கும் இடம் கொடுத்தால் பாட்டுக்கு இடம் இருக்காது.

கொழிஞ்சாம்பாறை வாசகி

சார் சொல்லும் 'வழக்குகள்' என்ற பேச்சு எனக்கு உடனே யூஸ்தூஸ் யோசேப்பை நினைவூட்டியது. எங்கள் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வித்துவான் குட்டி என்று அறியப்பட்ட அவர் 1835இல் பாலக்காட்டில் தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் பேசியது தமிழ். இசையும் சமஸ்கிருதமும் அந்தக் குடும்பத்தின் சொத்து. குடும்பம் தெற்கே இடம்பெயர்ந்தபின், 1861இல் மாவேலிக்கரையில் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றுச் சர்ச் மிஷனின் போதகராகவும் ஆனார். 1860இல் திருநெல்வேலிச் சீமையில் சுவிசேஷகர் அருளப்பனின் ஊழியத்தில் தொடங்கிய எழுப்புதல் என்னும் பக்தி எழுச்சி பின்னர் திருவிதாங்கூருக்கும் பரவியது; 1873ஐ ஒட்டி அது மத்திய திருவிதாங்கூரில் தீவிரமடைந்தபோது அதன் நடுவில் நின்றவர் இவர். 1875இல் மிஷனைவிட்டுப் பிரிந்து தனிச் சபை கண்டார். 1881 அக்டோபர் 2 அன்று கிறிஸ்து திரும்பி வருவார் என்று அந்தச் சபையார் அறிவித்துக் காத்திருந்தார்கள். அந்த நாள் வந்து போனது. சபை தளர்ந்து சுருங்கியது. 1887இல் அவரும் மறைந்தார்.

ஆனால் 'காந்தா தாமஸமெந்தஹோ' என்ற அவருடைய பாட்டு, மணவாளன் வரத் தாமதிப்பதேன் என்று மணவாட்டி ஏங்கும் அந்தப் பாட்டு, அவர் பிரிந்துபோன சபையிலும், அவரை ஏற்க மறுத்த சபைகளிலும், பின்னால் தோன்றிய சபைகளிலும் இன்றும் பாடப்படுகிறது. பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகும் அதன் நடையைக் கேட்டால் கச்சேரிப் பழக்கம் உள்ள கை என்பது தெரிந்துவிடும். ஆங்கில மெட்டுக்குச் சொல் நிரப்பிய பாட்டன்று அது. சார் இதைத் தம் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக்கூடும்: பெயரை மறந்ததால்தானே எல்லோரும் பாடுகிறார்கள்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மத்திய கேரளத்தில் பெரியவர்கள் அவர் பெயரையும் அந்தத் தேதியையும் நன்றாக அறிவார்கள்; அறிந்தே பாடுகிறார்கள். வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தப் பாட்டின் ஏக்கம் கூடுதலாகவே தைக்கிறது. தமிழ் வாசகர்களாகிய நமக்குத்தான் ஒரு தமிழ் வீட்டுப் பிள்ளை மலையாள சபைகளுக்குப் பாட்டுக் கற்றுக்கொடுத்த செய்தி வந்து சேரவில்லை.

களியக்காவிளை ஆர்மோனியம்

நான் வாசிக்கிறவன். வரலாறு எழுதுகிறவன் அல்லன். ஆயினும் கையில் இருக்கும் பழைய புத்தகங்களையும் புதிய புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ஓய்வாசிரியர் சார் பெயர் இல்லாமையை ஏதோ பக்தியின் விளைவாகச் சொல்கிறார். அது அச்சுக்கூடத்தின் விளைவு.

கீர்த்தனை இயற்றிய பழைய புலவர்கள் தங்கள் பெயரை மறைக்கவில்லை. கச்சேரிக் கீர்த்தனைகளில் வழங்கும் அதே முத்திரை மரபைப் பின்பற்றிக் கடைசிச் சரணத்தில் பெயரைப் பொதிந்து வைத்தார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) 'வேதநாயகன்' என்று பாட்டுக்குள்ளேயே கையெழுத்திட்டவர். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவர் 1853இல் கீர்த்தனைகளைத் திரட்டிச் சபை ஆராதனைக்கு ஏற்ற புத்தகமாக அச்சிட்டார். அதுவரை நாட்டுச் சங்கீதம் கோயிலுக்குள் வரலாமா என்று தயங்கிய வெள்ளைக்கார மிஷனரிமாரும் அதன்பின் இறங்கி வந்தார்கள். அந்த அளவில் வெப் துரைக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் பத்துப் பன்னிரண்டு சரணங்கள் கொண்ட கதாகாலட்சேபப் பாட்டை ஞாயிறு ஆராதனைக்குள் அடக்க வேண்டும் என்றால் எங்கே வெட்டுவார்கள்? கடைசியில்தான். முத்திரை இருந்த சரணம் அதோடு போயிற்று. இன்றைய சிறு புத்தகங்களில் நான்கு சரணத்துக்கு மேல் காண்பதே அரிது.

இதனால் நட்டப்பட்டவர்களில் முதன்மையானவர் என்று நான் கருதுவது மயிலாடி ஜான் பால்மரை (1812–1883). லண்டன் மிஷனின் ரிங்கல்தௌபே 1806இல் வந்து ஊழியம் தொடங்கிய அதே மயிலாடி. அந்த மண்ணில் கிறிஸ்துவின் சரிதையை 'கிறிஸ்தாயனம்' என்று காவியமாகப் பாடி 1865இல் வெளியிட்டவர் அவர். கீர்த்தனைகளும் நிறையப் பாடினார். எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியம் 1894இல்தான் நூலாக வந்தது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். கிருஷ்ணபிள்ளையைப் பாடப்புத்தகத்தில் படித்த நம் ஜில்லாப் பிள்ளைகளுக்கு, அவருக்கு ஒரு தலைமுறை முன்னால் சொந்த ஊரில் காவியம் பாடியவர் பெயர் தெரியாது. நெய்யாற்றின்கரைப் பக்கம் போனால் கேட்கவே வேண்டாம்.

மார்த்தாண்டம் ஓய்வாசிரியர்

முத்திரையைப் பற்றிய விளக்கம் ஏற்கத்தக்கது. அந்த அளவில் என் நிலையைச் சிறிது தளர்த்திக்கொள்கிறேன்: பாட்டுக்குள்ளேயே புலவர் தம் பெயரை வைத்திருந்தால் அந்தச் சரணத்தை அச்சிடுவதில் எனக்கு மறுப்பில்லை. அது அவர் விருப்பம். ஆனால் பெயர் வேண்டாம் என்று தாமே ஒதுங்கியவர்களை என்ன செய்வது? 'பாவ சஞ்சலத்தை நீக்கப் பிராண நண்பர் தான் உண்டே' என்ற பாட்டின் மூலத்தை எழுதிய ஜோசப் ஸ்கிரிவன் (1819–1886) அயர்லாந்தில் பிறந்தவர். திருமணத்துக்கு முந்தைய நாள் மணப்பெண் நீரில் மூழ்கி இறந்ததால் மனமுடைந்து கானடாவுக்குப் போய் ஏழைகளுக்கு விறகு வெட்டிக் கொடுத்து வாழ்ந்தார். நோயுற்ற தாயின் ஆறுதலுக்காக 1855இல் எழுதிய கவிதையில் அவர் பெயர் போடவில்லை. அவர் போடாத பெயரை நாம் போடுவது அவரை மதிப்பதாகுமா?

கொழிஞ்சாம்பாறை வாசகி

சார், நீங்கள் தேர்ந்த எடுத்துக்காட்டே உங்களுக்கு எதிராகப் பேசுகிறது. ஸ்கிரிவன் பெயர் போடாததால் அந்த இடம் வெறுமையாக இருந்ததா? இல்லை. ஹொரேஷியஸ் போனர் என்ற புகழ்பெற்ற ஸ்காட்லாந்துப் பாடலாசிரியரின் பெயரை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அமெரிக்கப் பாடகர் சாங்கியின் பாட்டுத் திரட்டிலேயே முதலில் அப்படித்தான் வந்தது. நெடுநாள் கழித்தே திருத்தம் செய்யப்பட்டது. போனர் போன்ற பெரியவர் ஒருவருக்கு ஒரு பாட்டுக் கூடிற்று. எளியவருக்கு இருந்த ஒரே பாட்டும் போயிற்று.

நம்மிடமும் இதுவே நடக்கிறது. கீர்த்தனையின் நடை சற்றுப் பழையதாக இருந்தால் போதும், கேட்பவர்கள் வேதநாயகரை எண்ணி 'சாஸ்திரியார் பாட்டு' என்று சொல்லிவிடுகிறார்கள். மலையாளத்தில் 'சமயமாம் ரதத்தில் ஞான்' என்ற பாட்டின் கதியைப் பாருங்கள். எல்லையின் இருபுறமும் அடக்க ஆராதனை அந்தப் பாட்டு இல்லாமல் முடிவதில்லை. அதை எழுதியவர் வோல்பிரெக்ட் நாகல் (1867–1921) என்ற ஜெர்மானியர். 1893இல் பாசல் மிஷன் ஊழியராகக் கண்ணூருக்கு வந்து, பிறகு அந்த மிஷனை விட்டுப் பிரதரன் சபையாரோடு சேர்ந்து, குன்னங்குளத்திலும் திருச்சூர் அருகே நெல்லிக்குன்னிலும் உழைத்தவர். 1914இல் ஜெர்மனிக்குப் போன இடத்தில் உலகப்போர் மூண்டதால் திரும்ப முடியாமல் அங்கேயே இறந்தார். தம் பயணத்தைப் பற்றி மலையாளத்தில் பாடியவருக்கு மலையாள மண்ணில் கல்லறை அமையவில்லை. 1970இல் வந்த 'அரநாழிகநேரம்' திரைப்படத்தில் அந்தப் பாட்டுச் சேர்க்கப்பட்டதால், எங்கள் பக்கத்து இளையவர்கள் அதைச் சினிமாப் பாட்டு என்றே சொல்கிறார்கள். பெயரை அச்சிடாமல் விட்டால் பணிவு காக்கப்படும் என்று நினைக்க வேண்டாம், சார். பெரிய பெயரோ பிரபலமான பெயரோ வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பாறசாலைக்காரன்

அக்காவின் இந்த வாதத்தை எங்கள் குழுவில் அப்படியே வைக்கப்போகிறேன். இதோடு மொழிபெயர்ப்பாளர்களையும் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம். 'என்னோடிரும் மா நேச கர்த்தரே', 'பிளவுண்ட மலையே' போன்ற பாமாலைப் பாட்டுகளை நாம் ஆங்கிலப் பாட்டாக நினைத்துப் பாடுவதில்லை. அவை தமிழாகவே நாவில் படிந்துவிட்டன. அப்படிப் படியச் செய்தவர்கள் சம்பளத்துக்குச் சொல் மாற்றியவர்கள் அல்லர்.

ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸை மட்டும் சொல்கிறேன். 1711இல் பிறந்து, 1740இல் இந்தியாவுக்கு வந்து, சென்னை வேப்பேரியில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஊழியம் செய்து 1791இல் இறந்தவர். ஜெர்மன் ஞானப்பாட்டுகளை அவற்றின் மெட்டுக்கு அடங்கும்படியும் தமிழ்க் காதுக்கு உறுத்தாதபடியும் பாடிக் கொடுத்தார். வேதாகம மொழிபெயர்ப்பும் 1779இல் வந்த அகராதியும் அவருக்குப் புகழ் தந்தன. ஆனால் கிராமத்துச் சபையாரின் வாயில் அன்றாடம் வாழ்ந்தது அவருடைய பாட்டே. பணவிஷயத்தில் உலகம் அறியாதவர். பொறுப்பில் இருந்த பணத்தை நம்பத்தகாதவர்களுக்குக் கடன் கொடுத்துத் தாமும் கடன்பட்டு, முதுமையில் கடனாளிச் சிறையிலும் கிடந்தார். வழக்குகள் வேண்டாம் என்று ஓய்வாசிரியர் சார் சொன்னார். இந்த மனிதரின் சிறைவாசத்தை அறிந்தபின் எங்கள் சபையார் அவர் பாட்டை வெறுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வட்டிக்கடையில் நின்று பழகியவர்கள் நம் ஜனங்கள்.

களியக்காவிளை ஆர்மோனியம்

அண்ணாச்சி, கொள்கை தீர்ந்தது என்றால் அச்சு வேலையைப் பேசுவோம். ஒரு பக்கத்தில் இரண்டு எழுத்திலும் பாட்டு வர வேண்டும். தலையில் ராகம், தாளம், மெட்டு. அங்கே பெயரையும் வைத்தால் நெரிசல் ஆகிவிடும். மங்கிய வெளிச்சத்தில் வாசிக்கும் என்னைப் போன்றவனுக்கு ராகத்தைத் தேடுவதே தொல்லையாகும். பாட்டின் முடிவில், கடைசிச் சரணத்துக்குக் கீழே, சிறிய எழுத்தில் பெயரும் ஆண்டும் ஊரும் போடலாம். மொழிபெயர்ப்பானால் மூலத்தை எழுதியவர், தமிழாக்கியவர் என்று இரண்டு வரி. ஓய்வாசிரியர் சார் கேட்ட 'இரத்தம் காயம் குத்தும்' விவகாரத்துக்கும் அது போதும்: கெர்ஹார்ட் பெயர் பாட்டின் கீழே, ஹாஸ்லர் பெயர் மெட்டுக் குறிப்பில். லத்தீன் துறவியைப் பின்னிணைப்பில் வைத்துக்கொள்ளலாம். உறுதியான பெயர் இல்லாத பாட்டுக்கு எதையும் போட வேண்டாம். குத்துமதிப்பாகச் சாஸ்திரியார் பெயரைப் போட்டுவிடாதீர்கள்.

முத்திரைச் சரணங்களை மீட்பதற்குப் பழைய பதிப்புகள் வேண்டும். என்னிடம் இருப்பவற்றில் முன்பக்கமும் கடைசிப் பக்கமும் கரையான் தின்றவை அதிகம். எல்லைக்கு இருபுறமும் உள்ள சபைகளில் உபதேசியார் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் ஓய்வாசிரியர்

பாட்டின் அடியில் என்றால் எனக்குச் சம்மதம். பாடி முடித்தவர் கண்ணில் அது படட்டும். பாடத் தொடங்குகிறவர் கண்ணில் பட வேண்டாம். சாரா ஆடம்ஸின் பெயரையும் மறைக்காமல் போடுங்கள், ஆனால் அவர் எந்தச் சபை என்ற குறிப்பு வேண்டாம். மற்றவர்களுக்கும் அந்தக் குறிப்பு வேண்டாம். யூஸ்தூஸ் யோசேப்புக்கும் நாகலுக்கும் மோசவத்சலத்துக்கும் ஒரே அளவுகோல் இருக்கட்டும்: பெயர், ஊர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு.

பழைய பதிப்பு ஒன்று என் மாமனார் வீட்டில் இருந்தது. நாகர்கோவில் அச்சு, பைண்டு பிரிந்து நூலால் கட்டி வைத்திருந்தார்கள். பால்மர் பாட்டுகள் அதில் முழுச் சரணங்களோடு இருப்பதைப் பார்த்த நினைவு உண்டு. அடுத்த வாரம் தக்கலைக்குப் போகும்போது எடுத்து வருகிறேன். தம்பி வந்து பிரதி எடுத்துக்கொள்ளலாம். புத்தகத்தை வெளியே கொடுக்க மாட்டேன்.

பாறசாலைக்காரன்

நன்றி சார். ஸ்கேனரோடு நானே மார்த்தாண்டத்துக்கு வருகிறேன். பால்மரின் பாட்டுகளை மலையாள எழுத்தில் பெயர்த்தெழுத எங்கள் பாடகர் குழுவில் இரண்டு பிள்ளைகள் ஆயத்தமாக இருக்கிறார்கள். கொழிஞ்சாம்பாறை அக்கா, 'காந்தா' பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதியதும் உங்களுக்கு அனுப்புகிறேன். சரணங்களின் வரிசையையும் மலையாள உச்சரிப்பையும் சரிபார்த்துத் தாருங்கள்.